கையுறைக்குள் சுண்ணாம்பு

மைசூரு கே.ஆர்.எஸ். சாலையில், மேட்டகள்ளிப் பக்கம் பழைய விக்ராந்த் டயர் ஆலை இருக்கிறது. 1997 முதல் ஜே.கே. டயர் வசம். டயர் ஆலையில் ரப்பரோடு கரித்தூளைக் கொட்டி மிக்சரில் பிசைவார்கள். துகள் ஒவ்வொன்றும் சில பத்து நானோமீட்டர்தான் என்பதால் ரப்பர் இழைகள் அதை விடாமல் கவ்விக்கொள்ளும். டயர் தேயாமல் உழைக்கும். டயர் கறுப்பாக இருப்பதும் அதனால்தான். இப்படிச் சேர்க்கும் தூளுக்குத் தொழிலில் ஃபில்லர் என்று பெயர்.

நாம் மாட்டிக்கொள்ளும் நீல நைட்ரைல் கையுறை பலவற்றிலும் ஃபில்லர் உண்டு: கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல் மாவு. ஆனால் இங்கே பிசைவதே கிடையாது. கை வடிவப் பீங்கான் அச்சைக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் நனைத்து உலர்த்தி, பால்போன்ற நைட்ரைல் லேடெக்ஸில் முக்குவார்கள். அச்சின்மேல் அந்தப் பால் திரிந்து தோலாகப் படியும். சூட்டில் பதப்படுத்தி உரித்தெடுப்பார்கள். லேடெக்ஸில் கலந்த சுண்ணாம்பு, ரப்பரோடு ஒட்டாமல் நடுவே சும்மா உட்கார்ந்திருக்கும். அதையும் தண்ணீர்விட்டு, கிரைண்டரில் தோசைமாவு ஆட்டுவதுபோலக் குண்டு ஆலையில் மணிக்கணக்கில் அரைத்தே சேர்க்க வேண்டும். கட்டி நின்றால் அந்த இடத்தில் ஓட்டை. அதனால்தான் மாதிரிக் கையுறைகளில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, 2 நிமிடம் கசிகிறதா என்று பார்க்கிறார்கள்.

பிறகு எதற்கு இந்த வம்பு? மலிவு, வேறென்ன! அளவோடு சேர்த்தால் குற்றமில்லை. மிஞ்சினால் கையுறை விறைக்கும், சீக்கிரம் கிழியும். சுண்ணாம்பின் அடர்த்தி நைட்ரைலைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். எடை பார்த்துத் தரம் தீர்மானிப்பவர் ஏமாறுவார்.

இன்னொரு சங்கதி, புளி. கையுறை போட்டுக்கொண்டு புளியோகரே கிளறும்போது அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும். உணவைத் தொடும் பொருள்களை 3 சதவீத அசெட்டிக் அமிலத்தில் ஊறவைத்து, எவ்வளவு கரைந்து இறங்குகிறது என்று அளக்கும் சோதனையில் சுண்ணாம்பு மிகுந்த கையுறை மாட்டிக்கொள்ளும்.

எவ்வளவு கலந்திருக்கிறது என்று அறிய, கையுறையை நறுக்கி உலையில் சுமார் 550 டிகிரி செல்சியஸில் எரிப்பார்கள். ரப்பர் போய்விடும், சாம்பல் நிற்கும். 100 பங்கு ரப்பருக்கு 20 பங்கு சுண்ணாம்பென்றால், எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அந்தச் சாம்பலில் ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால், சோடாவைப்போல் நுரைத்துப் பொங்கும்.