ஒரே லேப்டாப்பில் இரண்டு கம்ப்யூட்டர்: விர்ச்சுவல்பாக்ஸில் என்ன மாறியிருக்கு?

கள்ளக்குறிச்சி மாவட்டம் மூங்கில்துறைப்பட்டில் இருந்து கல்லூரிக்கு பஸ் ஏறும் ஒரு கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு லினக்ஸ் பழகணும். வீட்டில் இருப்பதோ ஒரே லேப்டாப். தம்பி படிப்பதும், அப்பா பட்டா பார்ப்பதும் அதில் உள்ள விண்டோஸில்தான். அதை அழித்துவிட்டு லினக்ஸ் போட யாருக்குத் துணிச்சல் வரும்?

இதற்குத்தான் விர்ச்சுவல் மெஷின். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு விண்டோவுக்குள் தனி கம்ப்யூட்டர் மாதிரி லினக்ஸ் ஓடும். அதன் ஹார்டு டிஸ்க் என்பது உண்மையில் ஒரு பெரிய ஃபைல்தான். உள்ளே ஏதாவது கெட்டுப்போனால் அந்த ஃபைலை அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். முன்கூட்டியே 'ஸ்நாப்ஷாட்' எடுத்து வைத்திருந்தால் அழிக்கக்கூட வேண்டாம். பழைய நிலைக்கே திரும்பிவிடலாம்.

இதில் மாணவர்களிடம் அதிகம் புழங்குவது விர்ச்சுவல்பாக்ஸ். 2007-ல் ஓப்பன் சோர்ஸாக வெளிவந்தது, இப்போது ஆரக்கிள் கையில் இருக்கிறது. காசு கிடையாது.

என்ன மாறியது?

2022 அக்டோபரில் வந்த 7.0 பதிப்புதான் பெரிய மாற்றம். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு சிப்பையும் செக்யூர் பூட்டையும் சாஃப்ட்வேராகவே அது உருவாக்கித் தருகிறது.

நம்ம மாணவிக்கு அதைவிட உதவுவது யுஎஸ்பி. முன்பெல்லாம் விர்ச்சுவல் மெஷினுக்குள் பென்டிரைவ் வேகமாக ஓட 'எக்ஸ்டென்ஷன் பேக்' என்ற தனி இணைப்பைப் போடணும். அது ஓப்பன் சோர்ஸ் இல்லை. சொந்த உபயோகத்துக்கு இலவசம், கம்பெனி வேலைக்கு லைசென்ஸ் வாங்கணும். 7.0-ல் இருந்து யுஎஸ்பி 2.0, 3.0 இரண்டும் இலவச மென்பொருளுக்குள்ளேயே வந்துவிட்டன. சின்ன விஷயம்தான், ஆனா பிராஜெக்ட்டை பென்டிரைவில் கொண்டுபோகிறவர்களுக்குத் தெரியும் இதன் அருமை.

பழைய லேப்டாப்பில் ஓடுமா?

சிக்கலே இங்கேதான். தமிழ்நாடு அரசு 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் கிடைத்தவை இன்னும் சில வீடுகளில் உயிரோடு இருக்கின்றன. ஆனால் 2019-ல் வந்த 6.1 பதிப்பிலிருந்தே, பிராசசரில் விர்ச்சுவலைசேஷன் வசதி இல்லாவிட்டால் விர்ச்சுவல்பாக்ஸ் வேலை செய்யாது. 32 பிட் விண்டோஸையும் அது கைவிட்டுவிட்டது. புதுசு வரவர, பழசு வைத்திருப்பவர்கள் வெளியே நிற்கிறார்கள்.

டவுன்லோடு செய்து டேட்டாவைக் காலி பண்ணும் முன் ஒன்றைப் பாருங்கள். விண்டோஸ் 10, 11-ல் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபாமன்ஸ், சிபியு என்று போனால் 'விர்ச்சுவலைசேஷன்' என்ற வரி இருக்கும். 'எனேபிள்டு' என்றால் கவலையில்லை. 'டிசேபிள்டு' என்றால் பயாஸ் செட்டிங்கில் போய் ஆன் செய்யணும். பல லேப்டாப்களில் வசதி இருந்தும் அங்கே அணைந்தே கிடக்கும்.

அடுத்தது ரேம். 4 ஜிபி மட்டும் இருந்தால் அதில் 2 ஜிபியை உள்ளே கொடுத்துவிட்டு விண்டோஸும் திணறும். அப்படியானால் லுபுண்டு போன்ற எடை குறைந்த லினக்ஸே நல்லது. 8 ஜிபி இருந்தால், சென்னை சி-டாக் உருவாக்கிய, தமிழிலேயே பயன்படுத்தக்கூடிய 'பாஸ்' லினக்ஸையும் தாராளமாகப் போட்டுப் பார்க்கலாம்.