விளையாட்டு வினையான கதை

"விளையாட்டு வினையாகும்" என்று பிள்ளைகளைக் கண்டிப்பது நமது வழக்கம். வினை என்னும் சொல்லுக்குத் தீங்கு என்பதோடு தொழில் என்றும் பொருளுண்டு. இவ்விரு பொருளும் ஒருவர் வாழ்க்கையிலேயே பலித்த விந்தையைக் கேளுங்கள்.

அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் வசித்தவர் கேரி கைகாக்ஸ். சிகாகோ நகரில் இன்ஷூரன்ஸ் கம்பெனி உத்தியோகம். ஓய்வு வேளையில் மேஜை யுத்தம். மேஜைமீது பொம்மைச் சிப்பாய்களை அணிவகுத்து, அளவுகோலால் தூரம் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி வெற்றி தோல்வியை நிர்ணயிக்கும் விளையாட்டு அது. 1968இல் ஊர் மண்டபத்தை வாடகைக்கு அமர்த்தி, இதில் அபிமானமுள்ளவர்களைக் கூட்டினார். மறு ஆண்டுக் கூட்டத்தில் டேவ் ஆர்னெஸன் என்னும் மின்னெஸோட்டா இளைஞரின் நட்புக் கிடைத்தது.

1970இல் உத்தியோகம் போயிற்று. மனைவி மக்களைக் காப்பாற்ற, வீட்டு நிலவறையில் பாதரட்சைகளைப் பழுது பார்க்கும் வேலையை மேற்கொண்டார். இடையிடையே யுத்த விதிகளை எழுதினார். 1971இல், இடைக்காலப் போர்களுக்கான 'செயின்மெயில்' என்னும் விதி நூல் வெளிவந்தது. ஜெஃப் பெரன் என்பவரோடு சேர்ந்து எழுதிய அந்நூலின் பிற்சேர்க்கையில் மந்திரவாதிகளும் பறவை நாகங்களும் இடம் பெற்றனர்.

ஆர்னெஸன் மேலும் ஒரு படி சென்றார். படைகளை நடத்துவதை விட்டு, ஆடுபவர் ஒவ்வொருவரும் தம்மை ஒரே வீரனாகப் பாவித்துப் பாதாளச் சுரங்கங்களில் புகும்படி ஆட்டத்தை மாற்றினார். இருவர் சிந்தனையும் கலந்து உருவானதே 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அதை வெளியிட 1973இல் கைகாக்ஸும் அவருடைய பால்ய நண்பர் டான் கேயும் ஆளுக்கு 1,000 டாலர் போட்டு ஒரு ஸ்தாபனம் தொடங்கினர். அத்தொகை போதாமையால் பிரையன் ப்ளூம் என்பவரையும் கூட்டாளியாகச் சேர்த்தனர். 1974இல் அச்சான முதல் 1,000 பிரதிகளும் ஓராண்டுக்குள் விற்றுத் தீர்ந்தன. பொழுதுபோக்கு ஜீவனமாயிற்று.

இனி மற்ற வினை. 1975இல் கே காலமானார். அவர் பங்கை வாங்கக் கைகாக்ஸிடம் பணமில்லை. பெரும்பான்மைப் பங்கு ப்ளூம் குடும்பத்தாரிடம் சென்றது. 1979இல் தமக்குரிய ஊதியப் பங்கு கோரி ஆர்னெஸன் வழக்குத் தொடுத்தார். அது 1981இல் சமரசமாயிற்று. 1985இல் ப்ளூம் குடும்பத்தார் தம் பங்கை வேறொருவருக்கு விற்றுவிடவே, கைகாக்ஸ் தாம் தோற்றுவித்த ஸ்தாபனத்தின் அதிகாரத்தையே இழந்தார். 2008இல் அவர் மறைந்தார். ஆட்டமோ இன்றும் அச்சாகிறது.

விளையாட்டில் மோகங்கொண்ட என் மாணாக்கரிடம் நான் கூறுவது இதுவே: ஆடுவோர் ஆயிரம் பேர் இருக்கலாம்; முகமறியாதவரும் ஆடும்படி விதிகளைத் தெளிவுற எழுதியவருக்கே அது தொழிலாயிற்று. அவ்விதம் எழுதப் பழகுங்கள். அதே தெளிவோடு, நண்பர்களுக்குள் பங்கு இன்னதென்று முதல் நாளே எழுதி வைக்கவும் மறவாதீர்கள்.