உங்களுக்குத் தெரியுமா? ‘நம்ம அண்ணன்’ கொள்ளைக்காரன் ஆன கதை

சியோல் மைதானத்தில் கால்பந்து வீரர் கிறிஸ்டியானோ ரொனால்டோ ஓரமாக உட்கார்ந்திருக்க, கொரிய ரசிகர்கள் “மெஸ்ஸி! மெஸ்ஸி!” என்று கத்தினார்கள். போட்டியாளரின் பெயரை, வேண்டுமென்றேதான்.

• 2019 ஜூலை 26. ரொனால்டோ அப்போது இருந்த யுவென்டஸ் கிளப்புக்கும் கொரியாவின் கே லீக் நட்சத்திர அணிக்கும் நட்புப் போட்டி. சுமார் 65,000 பேர் வந்திருந்தார்கள். பெரும்பாலோர் பார்க்க வந்தது கிளப்பை அல்ல, ரொனால்டோவை. அவரோ ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. ஆட்டம் 3-3. ஆறு கோல் விழுந்தும் கோபம் அடங்கவில்லை.

• அதற்குமுன் கொரியாவில் அவருடைய செல்லப்பெயர் ‘ஊரி ஹ்யோங்’, அதாவது ‘நம்ம அண்ணன்’. அதற்குப்பின் ‘நல்காங்து’: பகல்கொள்ளைக்காரனைக் குறிக்கும் கொரியச் சொல்லில் அவர் பெயரின் வாலை ஒட்டிச் செய்தது. வசவிலும் என்ன ஒரு கைத்திறன்!

• அவர் ஆடாததற்காக ரசிகர்கள் இருவர் வழக்குப் போட்டார்கள். போட்டியை நடத்திய நிறுவனம் தலா 3,71,000 வோன் தர வேண்டும் என்று 2020இல் தீர்ப்பானது.

• 2022 உலகக் கோப்பை. ரொனால்டோவின் நாடான போர்ச்சுகலுக்கு எதிராகத் தென் கொரியாவின் முதல் கோல், அவருடைய முதுகில் பட்டு விழுந்த பந்தில்தான் வந்தது. கொரியா 2-1 என வென்று அடுத்த சுற்றுக்குப் போனது. அண்ணன் பாக்கியைத் தீர்த்துவிட்டார் போலிருக்கிறது.