உங்களுக்குத் தெரியுமா? நேட்டோவை அஞ்சிய உக்ரைன்

2008-இல் கேலப் நடத்திய கருத்துக்கணிப்பில் உக்ரைனியரில் 43 சதவீதம் பேர் நேட்டோவை ஆபத்தாகவே பார்த்தார்கள். பாதுகாப்பு என்றவர்கள் வெறும் 15 சதவீதம்! அதே ஆண்டுதான் உக்ரைன் ஒருநாள் உறுப்பினராகும் என்று நேட்டோ அறிவித்தது.

• அப்போது மேற்கே லிவிவ் பக்கம் நேட்டோவுக்கு ஆதரவு அதிகமாக இருந்தது. கிழக்கே டொனெட்ஸ்கிலும் தெற்கே கிரிமியாவிலும் எதிர்ப்பு அதிகமாக இருந்தது.

• 2006-இல் கிரிமியாவின் ஃபியடோசியா துறைமுகத்துக்கு அமெரிக்கக் கப்பல் வந்ததும் நேட்டோ எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது. ஜூனில் கிரிமிய நாடாளுமன்றம் தீபகற்பத்தையே 'நேட்டோ இல்லாப் பகுதி' என்று அறிவித்தது.

• 2022 ரஷ்யப் படையெடுப்பு கணக்கைப் புரட்டிப் போட்டது. அக்டோபரில் 'ரேட்டிங்' நிறுவனம் எடுத்த கணிப்பில் நேட்டோவில் சேர ஆதரவு 83 சதவீதம். கிழக்கிலும் பாதிக்கு மேல். கிரிமியாவும் ரஷ்யா பிடித்த மற்ற பகுதிகளும் இதில் சேரவில்லை.