கல் கப்பலேறும் முன் கண்ணைத் திறவுங்கள்!

கொல்கத்தா செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் ஜாப் சார்னாக்கின் கல்லறை இருக்கிறது. 1690-களில் இறந்த அந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைக்கு, நம் பல்லாவரம் பக்கத்து மலையிலிருந்துதான் கருங்கல் போனது. 1893-ல் அந்தக் கல்லை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலந்து, அதைச் சார்னாக்கின் பெயராலேயே 'சார்னோக்கைட்' என்று அழைத்தார். நம் ஊர்ப் பாறைக்கு உலகப் புவியியல் நூல்களில் இன்றும் அதுதான் பெயர்.

இங்கிருந்து கல் போனது போய், இப்போது கன்டெய்னர் கன்டெய்னராக வந்து இறங்குகிறது. தாம்பரம் தாண்டி மறைமலைநகர், செங்கல்பட்டு என்று ஜி.எஸ்.டி. சாலை நெடுக வீடுகள் எழும்புகின்றன. ஹாலுக்கு 'இட்டாலியன் மார்பிள்'தான் வேண்டும் என்கிறார்கள். சிலர் கடைக்காரரை விட்டுவிட்டு, வெளிநாட்டு சப்ளையரிடமே நேரடியாக ஆர்டர் கொடுக்கவும் துணிகிறார்கள். துணியலாம், ஆனால் விவரம் தெரிந்து துணிய வேண்டும்.

சாம்பிள் போதாது

மார்பிள், அச்சில் வார்த்த டைல்ஸ் அல்ல. ஒரே குவாரியில் அடுத்தடுத்து வெட்டிய இரண்டு பிளாக்கிலேயே நிறமும் ரேகையும் மாறும். கையகலச் சாம்பிளைப் பார்த்துப் பணம் கட்டினால் வம்புதான். எந்த பிளாக், அதில் எத்தனை ஸ்லாப், என்ன அளவு, என்ன கனம் என்று எண் போட்டு, ஒவ்வொரு ஸ்லாப்பின் படத்தையும் ஆர்டரோடு சேர்க்கச் சொல்லுங்கள்.

மாமல்லபுரம் சிற்பக்கூடத்தில் கல் தேர்வதை ஒருமுறை கவனியுங்கள். சிற்பி சுத்தியலால் தட்டிவிட்டுக் காதைக் கொடுப்பார். மணி அடித்தாற்போல் கணீரென்றால் ஆண் கல், மூலவருக்கு ஆகும். நாதம் மெலிந்தால் பெண் கல். ஓசையே எழாதது நபும்சகக் கல், அஸ்திவாரத்தோடு சரி. உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்லாப்பையும் இப்படித் தட்டிப் பார்க்கலாம். பின்பக்கம் வலை ஒட்டி ரெசின் பூசியிருக்கிறதா என்றும் பாருங்கள். ரேகையில் விட்டுப்போகக்கூடிய கல்லுக்கு அது முட்டுக்கொடுப்பு. குற்றமில்லை, ஆனால் விலை பேசும்போதே தெரிந்திருக்க வேண்டும்.

வங்கி கல்லைப் பார்க்காது

முழுத் தொகையையும் முன்பணமாக அனுப்பாதீர்கள். ஆவணங்களைச் சரிபார்த்து வங்கியே பணம் கொடுக்கும் லெட்டர் ஆஃப் கிரெடிட் பாதுகாப்புதான். என்றாலும் வங்கி சரிபார்ப்பது காகிதத்தை மட்டுமே. காகிதம் சரியாக இருந்தால், கல் மோசமாக இருந்தாலும் பணம் போய்விடும். எனவே மூன்றாம் தரப்பு ஆய்வுச் சான்றிதழையும் வங்கி பார்க்க வேண்டிய ஆவணங்களில் ஒன்றாகக் கேளுங்கள். இன்ஷூரன்ஸ் யார் பொறுப்பு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

18 மி.மீ. ஸ்லாப் சதுர மீட்டருக்குச் சுமார் 50 கிலோ. கன்டெய்னரில் இடம் மிச்சமிருக்கும்போதே எடை வரம்பு முட்டிவிடும். ஸ்லாப்புகளை மரச்சட்டத்தில் நிமிர்த்திச் சாய்த்துக் கட்டுவார்கள். அந்த மரத்தில் பூச்சி நீக்கியதற்கான ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இல்லாவிட்டால் சரக்கு துறைமுகத்தில் சிக்கும், டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறும்.

இறக்குமதிக்குப் பொதுவாக ஐ.இ.சி. எனும் இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண் வேண்டும். மார்பிள் பிளாக்குக்கு இருந்த லைசென்ஸ் முறை 2016 அக்டோபரில் நீங்கியது. கூடவே டன்னுக்குக் குறைந்தபட்ச விலை 200 டாலர் என்று வைத்து, சுங்க வரியை 10-லிருந்து 40 சதவீதமாக்கினார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பிளாக்குக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது. மெருகேற்றிய ஸ்லாப்புக்கு அதே 18தான். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், ஆர்டருக்கு முன்பே கிளியரிங் ஏஜென்டிடம் அன்றைய நிலவரத்தைக் கேட்டுவிடுங்கள்.

எங்கே எந்தக் கல்?

மார்பிள் சுண்ணாம்பு இனம். எலுமிச்சைச் சாறோ புளிக்கரைசலோ சிந்தினால் மெருகு போய்விடும். சமையல் மேடைக்கு நம்மூர் கிரானைட்தான் சரி. ஈ.சி.ஆர். பக்கம் வீடு கட்டுபவர்கள் வெளிச்சுவருக்கு மார்பிளை நினைக்கவே வேண்டாம். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கருங்கல் சிற்பங்களையே உப்புக்காற்று அரித்திருக்கிறது. சுண்ணாம்புக் கல் எந்த மூலைக்கு?

ஹாலில் வெளிநாட்டு மார்பிள் போட ஆசைப்படுவது தவறல்ல. ஆனால் இறங்கிய கல்லைத் திருப்பி அனுப்புவது சாமானியருக்குக் கட்டுப்படியாகாது. பார்க்க வேண்டியதை எல்லாம் அந்தக் கரையிலேயே பார்த்துவிடுங்கள். ஆய்வுக்காகச் செலவழிக்கும் பணம் வீண்செலவு அல்ல.