மருந்து செல்லும் வழி

மருத்துவர் எண்ணிய மருந்து நோயாளியின் உடலைச் சேருமுன் பல கைகளைக் கடக்கிறது. மருத்துவர் எழுதுகிறார், அவ்வெழுத்து ஏட்டில் படியெடுக்கப்படுகிறது, மருந்தாளுநர் எடுத்துத் தருகிறார், செவிலியர் புகட்டுகிறார். இவ்வழியில் பிழை எங்கே நுழைகிறது, எங்கே பிடிபடுகிறது என்பதை வார்டு வார்டாக எண்ணிப் பார்த்தவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவ ஆய்வாளர் டேவிட் பேட்ஸ்.

1993ஆம் ஆண்டில் ஆறு திங்கள், அந்நகரின் இரு பெருமருத்துவமனைகளில் 11 பிரிவுகள், நான்காயிரத்துக்கு மேற்பட்ட சேர்க்கைகள். ஆய்வுச் செவிலியர் நாள்தோறும் ஒவ்வொரு நோயாளியின் குறிப்பேட்டையும் படித்தனர். மருந்தால் விளைந்த தீங்குகள் 247 எனக் கண்டனர். அவற்றுள் 28 விழுக்காடு தவிர்த்திருக்கக் கூடியவை. அவ்வாறு தவிர்த்திருக்கக் கூடியவற்றில் பாதிக்கு மேல் மருந்தை எழுதும்போதே பிறந்தவை. மூன்றில் ஒரு பங்கு, புகட்டும்போது.

1995இல் வெளிவந்த அவ்வாய்வின் உயிர்நிலை வேறோர் எண்ணில் உள்ளது. எழுதும்போது நேர்ந்த பிழைகளில் 48 விழுக்காடு இடைவழியில் பிடிபட்டன. புகட்டும்போது நேர்ந்தவற்றில் ஒன்றுகூடப் பிடிபடவில்லை! மருத்துவருக்குப் பின்னே மருந்தாளுநரும் செவிலியரும் காவலாய் நிற்கின்றனர். செவிலியருக்குப் பின்னே நோயாளியைத் தவிர எவருமிலர். செவிலியரைக் கடிந்துகொள்வோர் இவ்வெண்ணை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

பேட்சுடன் பணியாற்றிய லூசியன் லீப் இப்பிழைகளின் வேரைத் தேடினார். அவர் கண்டது தனியாளின் கவனக்குறைவை அன்று, அமைப்பின் குறைகளை. மருந்து பற்றிய அறிவு, தேவைப்படும் நொடியில் தேவைப்படுவோர் கைக்கு எட்டாமையே அவற்றுள் முதன்மையானது. அதே பாஸ்டனில் 1994 இறுதியில், நாளிதழின் நலவாழ்வுக் கட்டுரையாளர் பெட்சி லேமன் புற்றுநோய் மருத்துவத்தின்போது இறந்தார். நான்கு நாளுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டிய மொத்த மருந்தளவு, நான்கு நாளும் நாள்தோறும் செலுத்தப்பட்டிருந்தது. கற்றறிந்தோர் பலர் கைகளைக் கடந்தே அம்மருந்து சென்றது.

அடுத்து, மருந்தைக் கணினி வழியே எழுதுவதன் விளைவை ஆராய்ந்தார் பேட்ஸ். அளவுகளைக் கணினி முன்வைக்கும். ஒவ்வாமை இருப்பின் எச்சரிக்கும். பிடிபடாது தப்பிய கடும்பிழைகள் 55 விழுக்காடு குறைந்தன என்று 1998இல் அறிவித்தார். காவலற்றுக் கிடந்த இறுதிப் படிக்குப் பார்கோடு வந்தது: நோயாளியின் கைப்பட்டையும் மருந்துறையும் ஒத்துப்போகின்றனவா எனக் கருவி பார்க்கும். நேரத் தவறுகள் நீங்கலாக, புகட்டும் பிழை 11.5 விழுக்காட்டிலிருந்து 6.8 ஆனதைப் பேட்ஸ் இடம்பெற்ற குழுவினர் 2010இல் காட்டினர்.

கணினி வந்ததும் காவல் வந்துவிடும் என்று கொள்வதும் தவறு. பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையில் கணினிமுறையை ஆறே நாளில் புகுத்தினர். நோயாளி வந்து சேர்ந்து பதிவாகும்வரை மருந்து எழுத இயலவில்லை; மருந்து தாமதித்தது. பிற மருத்துவமனைகளிலிருந்து அங்கே மாற்றப்பட்ட குழந்தைகளிடையே இறப்பு 2.80 விழுக்காட்டிலிருந்து 6.57ஆக உயர்ந்ததை 2005ஆம் ஆண்டு ஆய்வு பதிவுசெய்தது. அதே நிறுவனத்தின் மென்பொருளைச் சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையும் நிறுவியது. அங்கே இறப்பு உயரவில்லை.