ஒசாகாவின் சிறு உணவுக்கடைகள்

யப்பானின் மேற்குப் பகுதியிலுள்ள ஒசாகா, தொன்றுதொட்டு வணிகர் நகரம். அந்நகரத்தாரைப் பற்றி அந்நாட்டிலே வழங்கும் பழமொழி ஒன்றுண்டு. கியோத்தோ நகரத்தார் உடுத்துக் கெடுவர், ஒசாகா நகரத்தார் உண்டு கெடுவர் என்பதே அது. உண்டு கெடுவதற்கு முதலிற் கையிலே பணம் இருக்கவேண்டுமல்லவா என்று நேயர்கள் கேட்கலாம். 2025ஆம் ஆண்டு நான் அந்நகரிற் சில வாரம் தங்கியிருந்தபோது எனக்கும் அந்த ஐயமே எழுந்தது. பெரிய உணவுச்சாலைகளின் வாசலில் தொங்கிய விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டுத் திரும்பிய நான், பக்கத்துச் சந்துகளில் நுழைந்த பின்னரே அப்பழமொழியின் பொருளை உணர்ந்தேன். அந்நகரின் உணவு, எட்டுப் பேர் பத்துப் பேர் மட்டுமே உட்காரக்கூடிய சிறு கடைகளில் இருக்கின்றது. அக்கடைகளிற் சில யப்பானியருடையவை. வேறு சில, மூன்று தலைமுறையாக அங்கே வாழும் கொரியருடையவை. இவ்விரு வகைக் கடைகளைப் பற்றியும் இன்று சில செய்திகளைச் சொல்லலாமென எண்ணுகின்றேன்.

யப்பானியக் கடையின் வாசலில் துணித்திரை ஒன்று தொங்கும். நோரென் என்பது அதன் பெயர். துணி வெளியே தொங்கினாற் கடை திறந்திருக்கிறது. அதனை உள்ளே எடுத்துவிட்டால் மூடப்பட்டது. தாளம் போட்டுக் கூப்பிடுவாரில்லை. மொழி தெரியாதவன் என்ன செய்வது? கண்ணாடிப் பேழைக்குள் ஒவ்வோர் உணவின் உருவமும் விலையுடன் வைக்கப்பட்டிருக்கும். உண்மையான உணவென்றே கண் ஏமாறும். மெழுகினால் இவ்வுருவங்களைச் செய்து விற்பதைத் தொழிலாக்கியவர் இவாசாக்கி தக்கிசோ என்பவர். 1932இல் அவர் அத்தொழிலைத் தொடங்கியதும் ஒசாகாவிலேதான். இப்பொழுது மெழுகுக்குப் பதிலாகப் பிளாத்திக்குப் பொருள் வந்துவிட்டது. பல கடைகளில் வாசலருகே சீட்டு விற்கும் இயந்திரம் ஒன்றும் நிற்கும். பணத்தைப் போட்டு, பொத்தானை அழுத்தி, வரும் சீட்டைச் சமையற்காரர் முன் வைத்துவிட்டு உட்கார்ந்தால் வாய் திறவாமலே சாப்பாடு வந்துவிடும்.

ஒசாகாவார் பெருமைப்படும் உணவுகளுள் ஒன்று உடொன் என்னும் தடித்த கோதுமை இழையுணவு. நம் இடியப்ப இழையைப்போல் பல மடங்கு பருமனானது. அது மிதக்கும் சாற்றிலேதான் கடையின் மானம் இருக்கின்றது. வடகடலிலிருந்து வரும் கடற்பாசி ஒன்றை முதலில் நீரில் ஊறவைத்துச் சூடாக்குவர். அதற்குக் கொம்பு என்று பெயர். நம் மாட்டுக் கொம்புக்கும் அதற்கும் யாதொரு தொடர்புமில்லை. பின்னர் காய்ந்த சூரை மீனைச் சீவிச் சருகாக இட்டு வடிப்பர். அம்மீனை வேகவைத்துப் புகையிலிட்டு மரக்கட்டைபோல் இறுகும்வரை காயவைக்கிறார்கள். அந்தக் கட்டையை ஒரு கடைக்காரர் என் கையிலே தந்தபோது, அடடா, இது நம்முடைய மாசியல்லவா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மாலைதீவாரும் அதே சூரை மீனையே அவித்துப் புகையிட்டு வெயிலிற் காயவைக்கின்றனர். யப்பானியர் அதன்மேற் பூஞ்சணம் பிடிக்கச் செய்து மேலும் பல மாதம் பதப்படுத்துவது ஒன்றே பெரிய வேறுபாடு. நாம் அதனை இடித்துச் சம்பலிற் போடுகிறோம்; அவர்கள் சீவிச் சாறெடுக்கிறார்கள்.

2025இல் ஒரு கோப்பை உடொன் 400 யென்னுக்கும் 500 யென்னுக்கும் கிடைத்தது. சோறு, அவரைச் சாறு, ஊறுகாய், மீன் அல்லது இறைச்சி ஆகியவை சேர்ந்த ஒரு நேரச் சாப்பாட்டை ஆயிரம் யென்னுக்குள், அதாவது அப்போதைய நம் நாட்டுப் பணத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாவுக்குள் முடித்துக்கொள்ள முடிந்தது. பணம் மிகுந்த நாட்டில் இது எப்படி இயலும்? கடைக்குள்ளே பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் விடை தெரிந்துவிடும். அடுப்புக்கும் உண்பவருக்கும் இடையே ஒரு நீண்ட பலகை மட்டுமே உண்டு. ஆகவே பரிமாறுவதற்கு ஆள் வேண்டியதில்லை. சமைப்பது ஒன்றிரண்டு வகைதான். எனவே வீணாவது குறைவு. உண்டவர் உடனே எழுந்து போய்விடுவார். பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அங்கே பண்பன்று, ஏனெனில் சுவரோரம் இன்னொருவர் பசியோடு காத்து நிற்கின்றார். பழைய கடைகளிலே கணவன் சமைக்க மனைவி கோப்பை கழுவுவாள். பல குடும்பங்கள் கடையின் மேன்மாடியிலேயே குடியிருப்பதால் வாடகையும் மிச்சம். கைக்கூலி வாங்கும் வழக்கமில்லை. நான் மேசையிலே விட்டுவந்த சில்லறையை ஒரு கடைக்காரர் தெருமுனைவரை ஓடிவந்து திருப்பித் தந்துவிட்டுப் போனார்.

இந்தச் சிக்கனத்திலிருந்து உலகமறிந்த ஒரு புதுமையும் பிறந்தது. ஒசாகாவின் கிழக்கெல்லையை அடுத்து, சிறு தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியிலே சிராய்சி யொசியாக்கி என்பவர் சுசிக்கடை நடத்தினார். வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, வருவோரோ கூலித்தொழிலாளர். மதுபான ஆலையொன்றிலே போத்தல்கள் நகரும் பட்டியிற் செல்வதைக் கண்ட அவர், சுசித்தட்டுகளையும் அவ்வாறே வலம்வரச் செய்தாலென்ன என்று சிந்தித்தார். 1958இல் அத்தகைய முதற்கடை திறக்கப்பட்டது. 1970இல் ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சியிலே அது பலர் கண்ணிலும் பட்டது. செல்வர் உணவாயிருந்த சுசி, தட்டை எண்ணிக் காசு கொடுக்கும் எளியோர் உணவாயிற்று.

அதே 1958இல், ஒசாகாவை அடுத்த இக்கேடாவில், தாய்வானிற் பிறந்த அந்தோ மொமொபுக்கு என்பவர் வெந்நீரூற்றி உண்ணும் உடனடி இழையுணவைக் கண்டுபிடித்தார். யுத்தம் முடிந்த காலத்திலே, ஒசாகாப் புகையிரத நிலையத்தின் பின்புறம் ஒரு வண்டிக்கடை முன் மக்கள் குளிரிலே வரிசையாக நின்றதைக் கண்டதே தம்மைத் தூண்டியது என்று அவர் பிற்காலத்திலே கூறினார். அரிசி அகப்படாத அக்காலத்தில் அமெரிக்கக் கோதுமை மாவே பலரைக் காப்பாற்றியது. கோவா இலையை அரிந்து, கோதுமை மாவிற் கரைத்து, இரும்புத் தட்டிலே வார்க்கும் ஒக்கொனொமியாக்கி என்னும் அடை ஒசாகாவெங்கும் பரவியதும் அப்பொழுதுதான்.

இவ்வளவும் நகரின் ஒரு முகம். நகரைச் சுற்றிவரும் புகையிரதத்தில் ஏறிக் கிழக்கே சுருகாசி என்னும் நிலையத்தில் இறங்கினால் மறு முகத்தைக் காணலாம். காண்பதற்கு முன் மூக்கு அறிந்துவிடும். இறைச்சி சுடும் புகை மேடைவரை வந்து எதிர்கொள்கின்றது.

1910இலிருந்து 1945வரை கொரியா யப்பானின் ஆட்சியில் இருந்தது. 1920களில் கொரியாவின் தென்கோடியிலுள்ள செஜு தீவுக்கும் ஒசாகாவுக்கும் நேரடிக் கப்பற் சேவை தொடங்கியது. றப்பர், கண்ணாடித் தொழிற்சாலைகளில் குறைந்த கூலிக்கு உழைக்கத் தீவார் ஆயிரக்கணக்கில் வந்தனர். அவர்கள் குடியேறிய தாழ்நிலத்துக்கு இக்காயினோ என்று பெயர். பன்றி வளர்க்கும் வெளி என்பது அதன் பொருள். 1945இல் ஆட்சி முடிந்தபோது பலர் தாயகம் திரும்பினர். திரும்பியும் என்ன? 1948இல் செஜு தீவில் மூண்ட கலகமும் அதனை அடக்கிய கொடுமையும் மறுபடியும் பலரைப் படகேற்றிவிட்டன.

1951இல் சான் பிரான்சிஸ்கோவிற் கைச்சாத்தான சமாதான உடன்படிக்கையை நேயர்கள் அறிவீர்கள். யப்பானிடம் நட்டஈடு கோரோம் என்று இலங்கையின் சார்பில் ஜே. ஆர். ஜயவர்த்தனா அங்கே ஆற்றிய உரையை யப்பானியர் இன்றும் நன்றியுடன் குறிப்பிடுகின்றனர். அவ்வுடன்படிக்கை 1952 ஏப்பிரல் 28ஆம் நாள் நடைமுறைக்கு வந்தபோது, யப்பானில் வாழ்ந்த கொரியர் யாவரும் யப்பானியக் குடியுரிமையை இழந்தனர் என்று அந்நாட்டு அரசாங்கம் அறிவித்துவிட்டது. ஒரே எழுத்தில் ஒரு சமூகமே குடியுரிமை இழப்பது எத்தகையது என்பதை நம் மலைநாட்டுத் தோட்டங்களின் மூத்த தலைமுறையினருக்கு நான் விளக்கவேண்டியதில்லை. அரச உத்தியோகம் கிடையாது. பெரிய கம்பனிகள் வேலை கொடா. வங்கிகள் எளிதிற் கடன் கொடா. கையில் எஞ்சியது அடுப்பும் சட்டியுந்தான்.

சுருகாசி நிலையத்தைச் சுற்றி யுத்தத்தின் பின் முளைத்த கள்ளச்சந்தையிலே கொரியப் பெண்கள் மாட்டின் குடலையும் பன்றியின் குடலையும் கழுவி, காரமும் பூண்டும் சேர்த்துக் கரியடுப்பிற் சுட்டு விற்றார்கள். அக்காலத்து யப்பானியருட் பெரும்பாலோர் அவற்றைத் தீண்டார். சுட்ட குடலுக்கு அங்கே ஹொருமொன் என்று பெயர். எறியும் பொருள் என்று பொருள்படும் ஒசாகாக் கொச்சைச் சொல்லிலிருந்து அது வந்ததென்று கடைக்குக் கடை சொல்வார்கள். கேட்பதற்கு நன்றாயிருக்கிறது, ஆயினும் யுத்தத்துக்கு முன்னரே, உடலுக்கு உரமூட்டும் உணவு என்ற கருத்திலே வைத்தியர் வழங்கும் ஹோர்மோன் என்ற சொல் யப்பானிய உணவுக்கடைகளிற் புகுந்துவிட்டது என்பதே ஆராய்ந்தவர் கூற்று. பெயர் எங்கிருந்து வந்தாலென்ன, உண்பவரே நெருப்பின்மேல் இறைச்சியைச் சுட்டுண்ணும் யாக்கினிக்கு என்ற வழக்கம் இத்தகைய கடைகளிலிருந்தே நாடெங்கும் பரவியது. இன்று யப்பானியக் குடும்பங்கள் விருந்து கொண்டாடுவது அதைக்கொண்டுதான்.

பூண்டு மணக்கிறது என்று கொரியப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலே கேலிசெய்த காலமுண்டு. இக்காயினோ என்ற பெயரே 1973இல் நகரின் வரைபடத்திலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் 2001இல் யப்பானியச் சுற்றாடல் அமைச்சு, பேணத்தக்க நறுமணங்கள் என்று நாடு முழுவதிலுமிருந்து நூறு இடங்களைத் தெரிந்தபோது, சுருகாசி நிலையத்தின் சுற்றுப்புறமும் அப்பட்டியலில் இடம்பெற்றது!

அந்நிலையத்திலிருந்து கால்மணி நேரம் நடந்தால் 500 மீற்றர் நீளமுள்ள கொரியக் கடைத்தெரு வரும். அதன் ஒரு பக்கச் சந்திலே, மூன்றே மேசை போட்ட கடையொன்றிற் பல நாள் உண்டேன். எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் தனியே நடத்துவது. சோறும் சூடான சாறும் கேட்டால், கேளாமலே கிம்ச்சியும் அவித்த கீரையும் அவரை முளையும் சிறு தட்டுகளில் வந்துவிடும். முதல் நாள் நான் யப்பானியக் கடையிற் பழகியபடி சோற்றுக்கோப்பையைக் கையில் ஏந்திக் குச்சிகளால் உண்ணத் தொடங்கினேன். அம்மையார் சிரித்துக்கொண்டே மேசையைத் தட்டிக் காட்டினார். கோப்பையை ஏந்தாமல் உண்பது யப்பானியருக்கு இழுக்கு. ஏந்தி உண்பது கொரியருக்கு இழுக்கு. கொரியர் கோப்பையை மேசையிலேயே விட்டு, சோற்றையும் சாற்றையும் நீண்ட காம்புள்ள உலோகக் கரண்டியால் உண்பர். குச்சிகள் கறிவகைக்கு மாத்திரம். கோப்பையும் பெரும்பாலும் உலோகம். சுடுசோறு இட்டதும் கையாற் பிடிக்க முடியாது. மரக்கோப்பையும் பீங்கானும் பழகியவனுக்கு இதுவே போதிய காரணம்.

மரக்கறி உண்போருக்கு ஓர் எச்சரிக்கை. இறைச்சி இல்லை என்று சொன்னாலும் உடொன் சாற்றிலே சூரை மீன் இருக்கின்றது. வெறும் கோவாபோலத் தோன்றும் கிம்ச்சியிலும் உப்பிட்டு நொதிக்கவைத்த இறாலோ மீனோ கலந்திருப்பது வழக்கம்.

2003இல் யப்பானியத் தொலைக்காட்சியிலே கொரியத் தொடர்நாடகம் ஒன்று பெரும்புகழ் பெற்ற பின், இக்கடைத்தெருவின் நிலை மாறியது. முன்னோருக்குப் படைக்கும் சடங்குக்குப் பன்றித்தலை வாங்க முதியோர் வந்த தெருவிலே, இன்று இளம் யப்பானியப் பெண்கள் குச்சியிற் செருகிய பாற்கட்டியை உண்டபடி நெருங்கி நடக்கின்றனர். இனிப்புக்கடைகளும் ஒப்பனைப்பொருட் கடைகளும் பெருகிவிட்டன. பழைய சோற்றுக்கடைகள் அந்த நெரிசலிற் பங்குபெறவில்லை. 2025இல் அரிசியின் விலை முன்னைய ஆண்டினும் ஏறக்குறைய இரு மடங்காகியது. விலையை ஆயிரம் யென்னுக்குமேல் ஏற்றினால் வழக்கமாக வருவோர் நின்றுவிடுவார்கள். ஏற்றாவிட்டால் கையிலே மிஞ்சாது. வாடகையில்லாமையும் தம் உழைப்புக்குக் கூலி கணக்கிடாமையுமே இவ்வளவு காலம் அக்கடைகளைத் தாங்கிய தூண்கள். கல்வி கற்று, அலுவலகத்தில் இடம்பெற்ற பிள்ளைகள் அந்தக் கணக்கில் உழைக்க வருவார்களா? அம்மையாருக்கு இரண்டு மகன்மார். இருவரும் தோக்கியோவில் இருக்கின்றனர். கடையைத் தொடர்ந்து நடத்த யாரும் இல்லையென்பதை வருத்தமோ குறையோ தோன்றாமல், சட்டியைத் துடைத்தபடியே சொன்னார்.

புறப்படும் நாள் மாலையில் அங்கே உண்டு முடித்து, எவரிடமோ கேட்டு எழுதிவைத்திருந்த கொரிய வாசகத்தை, நன்றாக உண்டேன் என்று பொருள்படுவதை, நாத் தடுமாறச் சொல்லிப் பணத்தை வைத்தேன். அவர் தலையை நிமிர்த்தி, ஒசாகாவின் பழைய வணிகர் நன்றி கூறும் அதே கொச்சைச் சொல்லில், ஓக்கினி என்றார்.